தாத்தாவோட பழைய லெதர் ஷூ பீரோவில் இருக்கா? டெல்டா மழையில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் டெல்டா மாவட்டங்களில் கல்யாண சீசன்தான். கோட் சூட்டுக்குப் பொருத்தமா இருக்குமே என்று, பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோ மேல் வைத்த அப்பா காலத்து லெதர் ஷூவை அப்போதுதான் பலரும் இறக்குவார்கள். கவரைப் பிரித்தால் ஷூ முழுக்க வெள்ளைப் பூஞ்சை, மூக்கைத் துளைக்கும் வாடை. சில ஷூக்கள் மண்டப வாசலிலேயே சோல் கழன்று காலை வாரிவிடும்.

வயசாச்சு, இனி குப்பைதான் என்று தூக்கிப் போடும் முன் கொஞ்சம் பொறுங்க. நல்ல லெதர் ஷூ, கவனித்துக்கொண்டால் 40, 50 வருஷம்கூட உழைக்கும். பெரும்பாலும் அதைக் கெடுப்பது நாம் வைக்கும் இடமும், நல்லது என்று நினைத்துச் செய்யும் வைத்தியமும்தான்.

எதை 'வின்டேஜ்' ஷூன்னு சொல்றாங்க?

பொதுவாக 20 வருஷத்துக்கு மேற்பட்ட, நல்ல தரத்தில் தயாரான ஷூவை 'வின்டேஜ்' என்கிறார்கள். ஆண்களுக்கான ஃபார்மல் ஷூக்களில் அதிகம் தேடப்படுபவை மூன்று. லேஸ் கட்டும் பகுதி மூடியபடி தைக்கப்பட்டிருந்தால் 'ஆக்ஸ்ஃபோர்டு'. அந்தப் பகுதி இரண்டு மடலாகத் திறந்துகொண்டால் 'டெர்பி'. மேலே பொடிப் பொடி ஓட்டைகளால் அலங்காரம் செய்திருந்தால் 'ப்ரோக்'.

சேகரிப்பவர்கள் டிசைனைவிட முக்கியமாகப் பார்ப்பது சோல் இணைக்கப்பட்ட விதத்தை. பழைய தரமான ஷூக்கள் பலவற்றில் 'குட்இயர் வெல்ட்' முறை இருக்கும். ஷூவின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு லெதர் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து எடுத்துவிட்டுப் புதுசு தைக்கலாம். பசை வைத்து ஒட்டிய ஷூவில் இது அவ்வளவு சுலபம் இல்லை.

தமிழ்நாட்டுக்கும் பழைய ஷூவுக்கும் என்ன தொடர்பு?

நிறைய இருக்கு. ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் தோலைப் பதப்படுத்தும் முறை தமிழ்நாட்டில் மிகப் பழையது. இப்படிப் பதமான தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போனது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுக்கும் இந்தத் தோல் பயன்பட்டது. 'ஈ.ஐ. லெதர்' என இன்று புவிசார் குறியீடு பெற்றிருப்பதும் இதுதான்.

சென்னை குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். 1970களில் பதப்படுத்திய தோலை அப்படியே ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன் பிறகு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதிகள் ஷூவாகவே தயாரித்து அனுப்பும் மையங்களாக வளர்ந்தன. ஆக, 'ஃபாரின் ஷூ' என்று தாத்தா பத்திரப்படுத்தியதன் தோல், நம்ம ஊரில் இருந்து போனதாகக்கூட இருக்கலாம்.

பூதலூர் மாதிரி ஊர்களில் ஏன் சீக்கிரம் கெடுது?

காற்றில் ஈரப்பதம் சுமார் 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டாலே தோலில் பூஞ்சை வளரத் தொடங்கும். தஞ்சாவூர் மாவட்டம் பூதலூர், திருக்காட்டுப்பள்ளி, கல்லணை பக்கமெல்லாம் ஆறும் வாய்க்காலும் வயலும் சூழ்ந்த ஊர்கள். சம்பா பயிர் நிற்கும் மாதங்களில் வயலிலும் தண்ணீர், வானத்திலும் மழை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீட்டுச் சுவரே வேர்க்கும்போது, பிளாஸ்டிக் கவருக்குள் மூச்சு முட்டிக் கிடக்கும் ஷூ மட்டும் எப்படித் தப்பிக்கும்?

வெள்ளையா இருந்தாலே பூஞ்சையா?

இல்லை. லெதருக்குள் இருக்கும் கொழுப்பும் சில நேரம் வெளியே வந்து வெள்ளையாகப் படியும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காட்டுங்க. உருகி மறைந்தால் கொழுப்பு. துணியால் துடைத்தால் போதும். மறையாமல் பஞ்சு மாதிரி நின்று, வாடையும் அடித்தால் பூஞ்சை.

பூஞ்சையை நீக்குவது எப்படி?

1. மாஸ்க் போட்டுக்கொண்டு, ஷூவை வீட்டுக்கு வெளியே எடுத்துப் போங்க. உள்ளே தட்டினால் பூஞ்சைத் தூள் மற்ற செருப்பு, துணிமணிகளுக்கும் பரவும்.
2. லேஸைக் கழற்றிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்க. அந்த பிரஷ்ஷைப் பாலிஷ் போடப் பயன்படுத்தக் கூடாது.
3. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, வெளியேயும் உள்ளேயும் துடைங்க. முதலில் கண்ணில் படாத ஓரத்தில் தொட்டுப் பாருங்க. சாயம் ஒட்டி வந்தால் நிறுத்திவிடுங்க.
4. ஃபேன் காற்றில், நிழலில் ஒன்றிரண்டு நாள் முழுசாகக் காய விடுங்க.
5. பிறகு லெதர் கண்டிஷனர் அல்லது ஷூ கிரீமைக் கொஞ்சமாகத் தடவி, ஒரு நாள் ஊற விடுங்க. கடைசியாகத்தான் மெழுகு பாலிஷ். கிரீம் தோலுக்கு மென்மை தரும். மெழுகு பளபளப்பைத் தந்து, தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளும்.

பல வருஷம் சும்மா கிடந்த ஷூவை எடுத்த உடனே மாட்டிக்கொண்டு நடக்காதீங்க. காய்ந்துபோன தோல் விரல் மடங்கும் இடத்தில் வெடித்துவிடும். அந்த வெடிப்பைப் பழையபடி சரிசெய்ய வழி இல்லை.

இந்த 4 தப்பைச் செய்யாதீங்க!

வெயிலில் காய வைப்பது: ஈரமான லெதரைச் சுள்ளென்ற வெயிலில் வைத்தால் சுருங்கி, விறைத்துப்போகும்.

தேங்காய் எண்ணெய் தடவுவது: அன்றைக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இந்த எண்ணெய் உறையும். மார்கழிக் குளிரில் அதுவே வெள்ளைப் படலமாக வெளியே வரும். பூஞ்சைக்கும் அது தீனி.

அந்துருண்டையை மட்டும் நம்புவது: பூச்சியைத் துரத்தும், ஈரத்தை உறிஞ்சாது. அதற்கு சிலிக்கா ஜெல் பைதான் சரி.

பூஞ்சைக்கு மேலேயே பாலிஷ் போடுவது: அழுக்கை மூடி மறைக்கும் வேலைதான் இது. சில வாரத்தில் திரும்ப வரும்.

எப்படி வைக்கணும்?

துணிப்பையில் போட்டு, தரையில் இருந்தும் சுவரில் இருந்தும் தள்ளி வையுங்க. உள்ளே மரத்தாலான 'ஷூ ட்ரீ' வைத்தால் வடிவம் கெடாது, ஈரத்தையும் இழுக்கும். அது இல்லையென்றால் அச்சடிக்காத வெள்ளைத் தாளைக் கசக்கித் திணிக்கலாம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்க. ஒரு நாள் போட்டால் அடுத்த நாள் ஓய்வு கொடுங்க. கால் வியர்வை காய அவ்வளவு நேரமாவது வேணும்.

பழைய ஷூ வாங்கப் போறீங்களா?

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் சோல், உள்பக்கம், விரல் மடியும் இடம் மூன்றுக்கும் தனித்தனி போட்டோ கேளுங்க. சோலைச் சுற்றித் தையல் தெரிகிறதா என்று பாருங்க. வெறும் அலங்காரத் தையலும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. இந்திய சைஸ் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவை ஒட்டியது. அமெரிக்க ஷூவில் 9 என்று இருந்தால் நம்ம ஊரில் ஏறக்குறைய 8.

பாலியூரிதேன் எனும் பி.யூ. சோல் என்றால் ரொம்பவே உஷார். பெட்டியைப் பிரிக்காத ஷூவாக இருந்தாலும், காற்றில் உள்ள ஈரம் அந்த சோலை உள்ளுக்குள்ளேயே சிதைக்கும். பார்க்கப் புதுசாக இருக்கும், நாலு அடி நடந்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். மண்டப வாசலில் பலர் மானத்தை வாங்குவது இந்த ரகம்தான்.

எப்போ தைக்கக் கொடுக்கலாம்?

மேல்தோல் வெடிக்காமல் சோல் மட்டும் தேய்ந்திருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். பசையும் ஆணியும் வேண்டாம், தைத்தே கொடுங்கள் என்று தொழிலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்க. கையால் சோல் தைப்பது நேரம் பிடிக்கும் வேலை. அதற்கான கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுப்பதும் ஷூ பராமரிப்பில் சேர்த்திதான்.

தாத்தாவோட ஷூ உங்கள் காலுக்குச் சேரவில்லை என்றால் வலுக்கட்டாயமாக மாட்ட வேண்டாம். தோலும் கிழியும், காலும் புண்ணாகும். சுத்தம் செய்து, தாள் திணித்து, அலமாரியில் கண்ணில் படும் இடத்தில் வையுங்க. அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒருமுறை எடுத்துத் துடைத்தால் போதும், பேரன் காலம் வரைக்கும் இருக்கும்.