உடும்புத் தோலின் விலை: புதுக்கோட்டைச் சீமையில் ஒரு காட்டுச் சரக்கின் வரலாறு

ரோமத் தோல் வணிகத்துக்குப் பனி வேண்டும். குளிர் கடுமையாக இருந்தால்தான் விலங்குக்கு அடர்ந்த மயிர் வளரும். அதை உரித்துப் போர்த்திக்கொள்ள மனிதருக்கும் ஆசை பிறக்கும். கனடாவின் பீவர், சைபீரியாவின் சேபிள், காஷ்மீரத்து நரி எல்லாம் அந்த வணிகத்தின் சரக்குகள். பொன்னமராவதிப் பக்கத்துப் பொட்டலில் சித்திரை வெயிலில் அலையும் குள்ளநரிக்கு அப்படிப்பட்ட மயிர் ஏது? நரி பிடித்தவர்கள் இங்கே அதன் பல்லை விற்றார்கள். 'நரிக்கொம்பு' என்ற பெயரில் எலும்புத் துண்டை விற்றார்கள். போர்வைக்கென்று நரித்தோல் கேட்டு எந்த வியாபாரியும் இந்தப் பக்கம் வந்ததில்லை. இங்கே காசு கண்ட காட்டுத் தோலில் மயிரே கிடையாது. அது உடும்பின் தோல்.

அந்தத் தோலுக்கு இரண்டு சந்தைகள் இருந்தன. ஒன்று கடல் கடந்த செருப்பு, கைப்பைச் சந்தை. மற்றொன்று கர்நாடக இசை மேடை. முதலாவது பெரியது, ஆனால் நிலையற்றது. இரண்டாவது மிகச் சிறியது, ஆனால் நூறாண்டு நின்றது. அது பிறந்த இடமும் புதுக்கோட்டைதான். பிடித்தவர் கையில் இந்த இரண்டு சந்தைகளின் கடிவாளமும் ஒருநாளும் இருந்ததில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிலமும் பிடிப்பவரும்

பொன்னமராவதி பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் திருமயம் தாலுகாவைச் சேர்ந்தது. ஒரு பக்கம் செட்டிநாடு, ஒரு பக்கம் பிரான்மலை. செம்மண், கண்மாய், ஊருணி, இடையிடையே பாறைக் குன்று, முட்புதர், கரையான் புற்று. உடும்புக்கு இதைவிட ஏற்ற நிலம் அமையாது. கண்மாய்க் கரைப் பொந்திலும் மரப் பொந்திலும் அது குடியிருக்கும். பூச்சி, நண்டு, தவளை, பறவை முட்டை எல்லாம் தின்னும். பல சமயம் கரையான் புற்றைத் தோண்டி உள்ளே முட்டையிடும். நன்கு வளர்ந்தது வாலோடு சேர்த்து ஐந்தடியைத் தாண்டும்.

உடும்புக் கறி தமிழர்க்குப் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்புக்கு வரும் பாணருக்கு நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல் விருந்தாகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் முறை பெரிதாக மாறவில்லை. நாய் மோப்பம் பிடிக்கும், ஆள் வங்கைத் தோண்டுவார், அகப்பட்டதன் கால்களை முதுகுப்பக்கம் மடக்கிக் கட்டி உயிரோடு தூக்கிவருவார். உயிரோடு கொண்டுவருவதற்குக் காரணம் கறி கெடாமல் இருக்க வேண்டும் என்பதே.

இந்தக் கடைசிச் செய்தி பொருளாதாரக் கண்ணுக்கு முக்கியம். உடும்பு பிடிபட்டது கறிக்காக, 'முதுகுவலி போக்கும்' என்று நம்பிய எண்ணெய்க்காக. தோல் உபரி. பீவரைப் பொறிவைத்துப் பிடித்தவருக்குத் தோல்விலை விழுந்தால் பொறியை மூட்டைகட்ட வேண்டியதுதான். உடும்பு பிடிப்பவருக்கு அப்படியில்லை. தோலுக்கு விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் பிடிப்பார். விலை இருந்தால் கூடுதலாகப் பிடிப்பார். ஆகவே விலை ஏறும்போது விலங்குக்குக் கேடு வந்தது. விலை இறங்கும்போது அதற்கு மீட்சி கிடைக்கவில்லை.

பிடித்தவர்களைப் பற்றி எழுதும்போது கவனம் வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகளில் வலையர் என்ற பெயரை வேட்டை வலையோடு சேர்த்தே விளக்குகிறார். வலையர் இப்பகுதியின் உழவுக் குடிகளில் பெரிய எண்ணிக்கை உடையவர்கள். வேட்டையை அவர்களுடைய முழுத் தொழிலாகக் காட்டுவது பிழை. அறுவடை முடிந்த கோடையில் எல்லாச் சாதி இளைஞரும் முயலுக்கும் உடும்புக்கும் போனார்கள். வேட்டையையே நம்பிப் பிழைத்தவர்கள் வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர்கள். ஊர் ஊராகப் போகும் அவர்களிடம் கண்ணியும் வலையும் நாட்டுத் துப்பாக்கியும் இருந்தன. சந்தையில் விற்க ஊசியும் பாசிமணியும் இருந்தன. தோலைக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு நகர்த்தக்கூடிய கால்கள் அவர்களுடையவை.

அரண்மனை விளக்கும் கஞ்சிராவும்

பஜனைக் குழுக்களில் சில்லுகள் கட்டிய ஒருமுகத் தோல்வாத்தியம் முன்பே இருந்தது. அதைக் கஞ்சிராவாகக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் எழுதுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் வாழ்ந்து 1922இல் மறைந்தவர். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னரின் அரண்மனையில் விளக்கு ஏற்றும் வேலையில் இருந்தவர், தவில் மாரியப்பப் பிள்ளையிடம் லயம் கற்றவர் என்பது இசை மரபு சொல்லும் செய்தி. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் பெயர் பெற்றார். காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையின் புகழ்பெற்ற 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளில் அவர் வாசித்தார். இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளையின் மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. புதுக்கோட்டைப் பாணி என்று லயவாத்தியக்காரர்கள் இன்றும் பேசுவது இந்த வழிமுறையைத்தான்.

வாத்தியத்தின் அமைப்பு எளிது. பலாமரத்தில் கடைந்த வளையம், ஏழெட்டு அங்குல விட்டம், பக்கவாட்டில் ஒரு பிளவு, அதில் உலோகச் சில்லுகள், ஒரு பக்கம் மட்டும் தோல். மரபாக அந்தத் தோல் உடும்பினுடையது. மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் போதும். அவை இறைச்சிக் கடையை ஒட்டிய சரக்குகள். டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' அந்தத் தோலுக்கும் அதை மூட்டும் கைகளுக்கும் உள்ள உறவை விரிவாகச் சொல்கிறது. கஞ்சிராவின் தோல் கசாப்புக் கடையில் கிடைக்காது, காட்டிலிருந்து வர வேண்டும். மெல்லியது, இழுவைக்குத் தாங்குவது, உள்புறம் தண்ணீர் தெளித்தால் சட்டென்று இளகுவது. இளகிய தோலை இடக்கை விரல்களால் அழுத்தி வலக்கையால் தட்டும்போது சுருதி வளையும். உறுமியை நினைவூட்டும் அந்தக் கும்கிதான் கஞ்சிராவின் உயிர்.

எட்டங்குல வளையத்தை ஒட்டில்லாமல் மூட அகன்ற தோல் வேண்டும். அதாவது பருத்த, முதிர்ந்த உடும்பு. தோல் கிழிந்திருக்கக் கூடாது, குத்துப்பட்டிருக்கக் கூடாது. நாயின் பல் பட்ட தோல் செருப்புக்கு ஆகலாம், வாத்தியத்துக்கு ஆகாது. இப்படித் தரம் பார்த்து வாங்கிய சந்தை மிகச் சிறியது. கஞ்சிரா உபபக்கவாத்தியம், எல்லாக் கச்சேரியிலும் இடம் கிடைக்காது, வித்துவான்களும் குறைவு. ஆனாலும் அந்தச் சிறு தேவை அறுபடாமல் தொடர்ந்தது. மேடையில் அந்தத் தோலைப் பற்றி யாரும் பேசியதில்லை. விமர்சகர்கள் மோரா, கோர்வை என்ற தாளக் கணக்குகளைப் பற்றி எழுதினார்கள். வங்கைத் தோண்டியவர் எந்தச் சபாவிலும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கமாட்டார்.

கப்பலேறிய தோல்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் ஊர்வனவற்றின் தோலில் செய்த காலணியும் கைப்பையும் நாகரிகமாயின. இந்தியாவிலிருந்து உடும்பு, பாம்புத் தோல்கள் ஏற்றுமதியாகின. கல்கத்தாவும் சென்னையும் முக்கியத் துறைமுகங்கள். சென்னையில் பெரியமேடு தோல்மண்டிகளின் இடம். திருச்சி செம்பட்டிலும் திண்டுக்கல்லிலும் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியிருந்தது. உள்ளூரில் உரித்து உப்பிட்டுக் காயவைத்த தோல் ஒவ்வொரு கையாக மாறி மண்டிக்கு வந்தது. ஒவ்வொரு கையும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது.

இங்கே வட அமெரிக்க ஒப்புமை பொருந்தும். 1670இல் தொடங்கிய ஹட்சன் விரிகுடாக் கம்பெனி பீவர் தோலை வாங்கியது தொப்பிக்காக. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் பட்டுத் தொப்பி வழக்கத்துக்கு வந்ததும் பீவர் விலை சரிந்தது. கனடாவின் வடகாட்டில் பொறிவைத்தவருக்கு லண்டன் தெருவில் யார் என்ன தொப்பி போட்டார்கள் என்று எப்படித் தெரியும்? பாரிஸ் பெண்மணியின் செருப்பும் திருமயம் தாலுகா உடும்பும் அப்படித்தான் கோக்கப்பட்டிருந்தன. விலை ஏறியதும் இறங்கியதும் மண்டிக்காரர் வாய்ச்சொல்லாகவே பிடித்தவரை எட்டின.

சட்டம் அப்போது குறுக்கே நிற்கவில்லை. 1882இன் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளுக்குள் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1912இன் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பறவைகளும் மான், முயல் போன்றவையும் இருந்தன, ஊர்வன இல்லை. சமஸ்தானமோ 1948 மார்ச் 3இல் இந்திய ஒன்றியத்தில் சேரும்வரை தனிச் சட்டங்களுடன் இருந்தது. மன்னரின் வேட்டைக்காடுகள் தனியாகக் காக்கப்பட்டன. கண்மாய்க் கரை உடும்புக்கு எந்த ஆட்சியிலும் காவலர் கிடையாது.

கதவு மூடிய பத்தாண்டு

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1970களின் நடுவில் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976இல் சேர்ந்தது. நம் உடும்பு அதன் முதல் பின்னிணைப்பில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 1986 திருத்தம் உள்நாட்டு வணிகத்தையும் இறுக்கியது. தோல்பொருள் வியாபாரிகள் தொழில் உரிமையைக் காரணம் காட்டி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், ஜி. ஆர். சைமன் வழக்கில் 1997இல் தோற்றார்கள். கவனியுங்கள், நீதிமன்றம் போக முடிந்தது வியாபாரிகளால். 2022இன் திருத்தத்துக்குப் பிறகு பட்டியல் 1இல் உள்ள உடும்பை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

இதே அடியைச் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களும் வாங்கினார்கள். சாரைப் பாம்பின் தோலை விற்றுப் பிழைத்தவர்களுக்கு ஒரே நாளில் வருமானம் போயிற்று. ஆனால் அங்கே வேறொன்று நடந்தது. ராமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷம் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் 2017இல் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

புதுக்கோட்டைச் சீமையில் ஏன் இப்படி ஒன்று முளைக்கவில்லை? அக்கறையின்மை ஒரு காரணம்தான். அடிப்படைக் காரணம் சரக்கின் தன்மையில் இருக்கிறது. பாம்புக்கு உயிரோடு ஒரு விலை உண்டு, உடும்புக்கு இல்லை. அதைக் கொல்லாமல் விற்க ஒன்றும் கிடையாது. 'உடும்பு போனால் போகட்டும், கையை விட்டால் போதும்' என்ற பழமொழிதான் இங்கே மாற்றுத் திட்டமாயிற்று.

மிச்சம்

மேடை தாங்கிக்கொண்டது. ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் கஞ்சிராவில் ஏறின. செயற்கைத் தோலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாம், மழைநாளில் தொய்யாது, சுங்கச் சோதனையில் பயமில்லை. கும்கியின் ஆழம் குறைகிறது என்ற முணுமுணுப்பு வித்துவான்களிடம் உண்டு. என் காதுக்கும் அது சரியாகவே படுகிறது. இருந்தாலும் ஒரு பருத்த உடும்பின் உயிருக்கு ஈடாக அந்த ஆழத்தைக் கேட்க எனக்கு மனமில்லை.

உடும்பு முழுதாகத் தப்பிவிடவுமில்லை. கறிக்கும் எண்ணெய்க்கும் பிடிப்பது நிற்கவில்லை. 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில் அபூர்வ மூலிகை வேர் என்று இணையத்தில் விற்கப்பட்டது, ஆண் உடும்பின் காய்ந்த பிறப்புறுப்பு என்று 2017இல் அம்பலமானது. நரிக்கொம்பின் தம்பி என்று சொல்லலாம். சந்தை மாறியது, வாங்குபவரின் மூடநம்பிக்கை மாறவில்லை. இதற்கிடையே முட்புதர்க் காடுகளில் பெரும்பகுதி தைலமரத் தோப்பாயிற்று. 1974இல் தொடங்கிய வனத்தோட்டக் கழகத்தின் தோப்புகள் புதுக்கோட்டை மாவட்டத்தில் பரந்து கிடக்கின்றன. புற்றும் பொந்தும் அந்தத் தோப்பில் அமைவது கடினம்.

நரிக்குறவர்கள் வலையை விட்டுப் பாசிமணிக்கும் பிளாஸ்டிக் பொம்மைக்கும் மாறினார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தோல் வணிகம் மூடப்பட்டு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

பொன்னமராவதி, திருமயம் பக்கத்தில் தோல் தரகு செய்த குடும்பங்கள் இருந்தால், பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எண்பதைத் தாண்டிய வேட்டைக்காரர் தெருவில் இருந்தால், ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தோலுக்கு அன்று எத்தனை அணா கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள்.