பயமுறுத்தினா போதுமா? ஒரு எக்ஸ்-ரே வண்டியும் ஒரு மேப்பும்

போன வாரம் அப்பாகிட்ட மறுபடியும் சண்டை. சுகர் டெஸ்ட் எடுங்கப்பான்னா, "எனக்கு ஒண்ணும் இல்லடா"ங்கிறார். கோபத்துல, சர்க்கரை நோயால கால்ல புண் வந்தவங்க படங்களை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துச்சு. அவர் லேபுக்குப் போகலை.

இந்தச் சண்டை புதுசில்லை. 1950-களோட தொடக்கத்துல அமெரிக்காவுக்குப் போவோம். டிபி நோய்க்கு மருந்து வந்தாச்சு. சீக்கிரம் கண்டுபிடிக்கணும்னு எக்ஸ்-ரே வண்டிகளை மக்கள் இருக்கிற இடத்துக்கே அனுப்பினாங்க. காசும் கிடையாது. அப்படியும் நிறைய பேர் வரலை.

ஏன் வரலைன்னு பார்க்க, அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையில இருந்த காட்ஃபிரே ஹாக்பாம் என்ற உளவியலாளர் மூன்று நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார். அவர் தேடியது முக்கியமா ரெண்டு நம்பிக்கைகளை. 'எனக்கும் டிபி வரலாம்' என்பது ஒண்ணு. 'அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சா நல்லது' என்பது இன்னொண்ணு. ரெண்டையும் நம்பினவங்கள்ல 82 சதவீதம் பேர் ஒரு தடவையாவது தாங்களாகவே எக்ஸ்-ரே எடுத்திருந்தாங்க. ரெண்டையும் நம்பாதவங்கள்ல 21 சதவீதம்தான்.

அதாவது, டிபி ஆபத்தானதுன்னு தெரிஞ்சா மட்டும் போதாது. அது 'எனக்கும்' வரலாம்னு தோணணும். ஹாக்பாமும் ரோசன்ஸ்டாக் போன்ற அவரது சகாக்களும் இதிலிருந்து உருவாக்கிய 'ஆரோக்கிய நம்பிக்கை மாதிரி' இன்னைக்கும் பாடத்துல இருக்கு.

ஆனா ஒரு இன்ஜினியரா எனக்கு ஒரு கேள்வி வரும். நம்பினதால எக்ஸ்-ரே எடுத்தாங்களா, எடுத்ததால நம்ப ஆரம்பிச்சாங்களா? அதைவிட முக்கியம், நம்பியும் போகாத மீதிப் பேரை என்ன பண்றது?

இங்கதான் ஹோவர்ட் லெவந்தால் வர்றார். அவர் சகாக்களோட சேர்ந்து யேல் பல்கலைக்கழகக் கடைசி வருஷ மாணவர்களிடம் செய்த ஆய்வு 1965-ல் வெளியானது. டெட்டனஸ் தடுப்பூசி போடச் சொல்லி கையேடு கொடுத்தாங்க. சிலருக்குப் பயங்கரமான படங்களோட, சிலருக்கு மென்மையா. பயந்தவங்க "கண்டிப்பா போடணும்"னு அதிகமா சொன்னாங்க. ஆனா ஊசி போட்டுக்கிட்ட கணக்குல பயம் அதிகமா, குறைவாங்கிறது வித்தியாசமே காட்டலை!

வித்தியாசம் காட்டினது ஒரு மேப். சிலருக்கு மட்டும் சுகாதார மையத்தைக் குறித்த மேப்பைக் கொடுத்து, 'உன் வார டைம்டேபிளைப் பார்த்து, எப்போ போக முடியும்னு முடிவு பண்ணு'ன்னாங்க. மேப் இல்லாதவங்கள்ல சுமார் 3 சதவீதம் பேர் போனாங்க. மேப் இருந்தவங்கள்ல சுமார் 28 சதவீதம். கடைசி வருஷ மாணவர்களுக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். அவங்களுக்குக் கிடைச்சது புதுத் தகவல் இல்லை, எப்போ, எந்த வழியில போறதுங்கிற ஒரு முடிவு.

சின்ன ஆய்வுதான். மேப் கிடைச்சவங்கள்லயும் பாதிக்கு மேல போகலை. ஆபத்தைப் பற்றி எதுவும் சொல்லாம மேப் மட்டும் கொடுத்தவங்கள்ல ஒருத்தரும் போகலை. காரணமும் வேணும், வழியும் வேணும். நான் அப்பாவுக்குக் காரணத்தை மட்டும்தான் திரும்பத் திரும்ப அனுப்பிட்டிருந்தேன்.

நேத்து படம் எதுவும் அனுப்பலை. "அப்பா, சனிக்கிழமை காலைல 7 மணி. நீங்க பால் வாங்கப் போற வழியிலதானே லேப்? நானும் வர்றேன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்போ காபி வந்துதான் குடிக்கணுமா?"ன்னு கேட்டார்.

சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு.