குட்டையில் நிற்கும் ஈயக் கப்பல்

ஜுருவிலிருந்து நெடுஞ்சாலையில் சுமார் இரண்டு மணி நேரம். பத்து காஜா தாண்டி, தஞ்சோங் துவாலாங் சாலையோரக் குட்டையில் மூன்று மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கப்பல் நிற்கிறது. பெயர் டிடி5. 1938இல் கட்டியது, எடை 4,500 டன்.

இது கடலைப் பார்த்ததே இல்லை. தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்துகொண்டு, சங்கிலி வாளிகளால் முன்னால் மண்ணை அள்ளும். உள்ளே தண்ணீர் விட்டு அலசும். ஈயத்தாது மணலைவிட இரண்டரை மடங்கு கனம், அதனால் அடியில் தங்கிவிடும். மிச்ச மணலைப் பின்னால் கொட்டிவிட்டு நகரும். கிந்தா பள்ளத்தாக்கின் குட்டைகள் பலவும் இப்படி வந்தவைதான். பேராக் தாதுவை உருக்கிய உலைகள் நம் பட்டர்வொர்த்திலும் பினாங்குத் தீவிலும் இருந்தன.

டிடி5 1982இல் நின்றது. 1985 அக்டோபரில், விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்தது. லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது. விலை ஏறக்குறைய பாதியானது. மீதிச் சுரங்கங்களும் வரிசையாக மூடின.

எங்கள் ஆலையில் சர்க்யூட் பலகைகளை ஒட்டும் சோல்டரில் பெரும்பங்கு இதே வெள்ளீயம்தான். உலகத்துக்கு ஈயம் இன்னும் வேண்டும். வேலைதான் இந்த ஊர்களை விட்டுப் போய்விட்டது. மெஷின் நல்லா ஓடினால் வேலை நிலைக்கும்னு நானும் நம்பியவன். கப்பலிலிருந்து இறங்கும்போது அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடித்தான் போனது.