இரண்டு நாள் கூலியும் இடது கைத் தழும்பும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குது. கோர்வைக்குப் பக்கத்துல நான் உட்காரலைன்னா தறி நின்னுடுது. அடுத்த ஊசியை விட்டுடலாமா?" என்றாள். கூலியை எண்ணி வாழ்கிறவள் கேட்கும் கேள்வி. எனவே கணக்காகவே பதில் சொல்கிறேன்.

என் இடது கையில் காசு அளவில் ஒரு தழும்பு உண்டு. அம்மை குத்துகிறவர் பள்ளிக்கு வந்தால் பாதிப் பேர் சுவர் ஏறிக் குதித்து ஓடுவோம். என் பாட்டி மட்டும் பிடித்து வந்து நிறுத்துவார். காரணம், அவர் பெரியம்மையைப் பார்த்தவர்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். பொருக்கு உதிர ஏறக்குறைய மூன்று வாரம். அதுவரை பாவு வாங்கக்கூட முதலாளி வீட்டுக்குப் போக முடியாது. தறி நிற்கும், முன்பணக் கடன் ஏறும். பத்துப் பேருக்கு வந்தால் மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனது. அறுந்த இழையை முடிபோடக் கண் வேண்டாமா?

1796-இல் இங்கிலாந்தில் ஜென்னர் கண்ட வழி 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமிக்கு முதன்முதலாகப் பயன்பட்டது. நம் மாகாணத்துக்குத் தேவையான அம்மைப்பால் தயாரிக்க 1899-இல் கிண்டியில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய கிங் இன்ஸ்டிடியூட். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-இல். 1980-இல் உலகமே விடுபட்டது. அந்த ஒழிப்புத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 30 கோடி டாலர். மிச்சமானதோ ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள்.

அடுத்து இளம்பிள்ளை வாதம். குழித்தறியில் மிதிக்கக் கால் வேண்டும். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் எந்தக் குழந்தைக்கும் காட்டு வகைப் போலியோ வரவில்லை. 2014 மார்ச் 27 அன்று சான்றிதழும் கிடைத்தது.

எந்தக் கணக்கிலும் வராத ஒரு லாபத்தை வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். தம்பிக்குத் தட்டம்மை என்றால் அக்காவின் பெயருக்கு நேரே 'வ' விழாது. பத்து நாள் வராதவள், பிறகு வராமலே போய்விடுவாள். தம்பிக்குப் போடும் ஊசி அக்காவின் படிப்பையும் காக்கிறது.

ஆகவே மாணவியிடம் சொன்னேன்: "இரண்டு நாள் கூலி நஷ்டம் உண்மைதான் அம்மா. ஆனால் அது மூன்று வார நஷ்டத்துக்கும் ஆயுள் நஷ்டத்துக்கும் கட்டுகிற சிறிய தொகை. ஊசிக்கு அரசு காசு வாங்குவதில்லை."

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போட்ட வீட்டில் அந்த இரண்டு நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாராவது போங்கள். தறியும் ஓடும், ஊசியும் விட்டுப்போகாது.

வரும் புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போவதாக நேற்று சொன்னாள். மனம் நிறைந்தது. உங்கள் வீட்டுத் தடுப்பூசி அட்டையையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார், முசரவாக்கம்