கத்தரிக்கு ஒரு தீக்குச்சி

முதலில் ஒரு கொசுக் கணக்கு. அப்பா கொசுவிடம் புதிதாக ஒரு மரபணு இருந்தால், பிள்ளைகளில் சுமாராகப் பாதிக்குத்தான் அது போய்ச் சேரும். இயற்கையின் பாகப்பிரிவினை அப்படி.

'ஜீன் டிரைவ்' ஏற்றப்பட்ட கொசு இந்தப் பாகப்பிரிவினையை மதிப்பதில்லை. அதன் மரபணு கையோடு ஒரு கத்தரியையும் கொண்டுவருகிறது. எதிர்த்தரப்பு குரோமோசோமில் அதே இடத்தை வெட்டி, அங்கேயும் தன்னைப் பிரதி எடுத்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் பாதியாவது ஒன்றாவது! கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். பேரன், கொள்ளுப்பேரனுக்கும்தான். பி.காம். படித்த எனக்கு இது கந்துவட்டி மாதிரிதான் தெரிகிறது. ஆரம்பிப்பது சுலபம்.

2018-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆந்த்ரேயா கிரிசாந்தியின் குழு, மலேரியா பரப்பும் ஆப்பிரிக்கக் கொசுக்களைக் கூண்டில் வைத்து இதைச் செய்து பார்த்தது. பெண் கொசுக்களை மலடாக்கும் டிரைவ். 7 முதல் 11 தலைமுறைக்குள் கூண்டு காலி. 2023-ல் மட்டும் மலேரியா சுமார் 6 லட்சம் உயிர்களைக் குடித்தது, பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அதை நினைத்தால் கைதட்டத்தான் தோன்றும். ஆனால் கூண்டைத் திறந்துவிட்ட பிறகு ஏதோ தப்பு என்று தெரிந்தால்? கொசு பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா எல்லை தாண்டுகிறது?

ஆக, பிரேக் வேண்டும். அது கிடைத்த கதைதான் சுவாரஸ்யம்.

கத்தரியின் பெயர் கிரிஸ்பர். வைரஸ்களை வெட்டிப்போட பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் ஆயுதம். 2007-ல் தயிர் பாக்டீரியாவில் இதை நிரூபித்தார்கள். 2012-ல் டௌட்னாவும் ஷார்பென்டியேவும் அதை நாம் சொல்கிற இடத்தில் வெட்டும் கருவியாக்கினார்கள். 2020-ல் நோபல். இதெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

சரி, இத்தனை கோடி ஆண்டுகளாக வெட்டுப்பட்ட வைரஸ் சும்மாவா இருந்திருக்கும்?

டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஆலன் டேவிட்சனின் ஆய்வுக்கூடம். ஜோ போண்டி-டெனோமி அங்கே ஆராய்ச்சி மாணவர். கிரிஸ்பர் உள்ள பாக்டீரியாக்கள் மீது வைரஸை ஏவிப் பார்க்கிறார். வைரஸ் செத்திருக்க வேண்டும். சில பாக்டீரியாக்களில் மட்டும் அது ஜாம் ஜாமென்று பெருகியது. சோதனை சொதப்பிவிட்டது என்று தட்டைக் கழுவி வைத்திருக்கலாம். விடாமல் நோண்டினார்கள். அந்த பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுப்புக்குள் ஏற்கெனவே வேறொரு வைரஸ் குடியேறிப் பதுங்கியிருந்தது. அது தயாரித்த குட்டிக் குட்டிப் புரதங்கள், வீட்டுக்காரனின் கத்தரியையே முடக்கியிருந்தன! 2013-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியானது.

ஆனால் அவை முடக்கியது வேறு ரகக் கத்தரியை. நாம் பயன்படுத்தும் காஸ்9 ரகத்துக்கான தடுப்புப் புரதங்கள் 2016 கடைசியில்தான் வெளிவர ஆரம்பித்தன. அதில் ஒன்று லிஸ்டீரியா பாக்டீரியாவுக்குள் ஒளிந்திருந்த வைரஸிடம் கிடைத்தது. இந்தப் புரதம் டி.என்.ஏ. மாதிரியே வேஷம் போடும். கத்தரி ஏமாந்து வாயைக் கொடுக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பூட்டில் தீக்குச்சியை உடைத்துவிட்டு ஓடியவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் சட்டென்று புரியும்.

2017-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவான தார்ப்பா, மரபணு மாற்றங்களைக் கட்டுப்படுத்தவும் திரும்பப் பெறவும் வழி தேட 6.5 கோடி டாலரை ஒதுக்கியது. ராணுவத்துக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்காதீர்கள். கத்தரி யார் கையிலும் கிடைக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

2021-ல் கிரிசாந்தியும் சகாக்களும் மறுபடி கூண்டுக்கு வந்தார்கள். அதே டிரைவ். இந்த முறை, தடுப்புப் புரதம் சுமக்கும் கொசுக்களையும் உள்ளே விட்டார்கள். டிரைவ் பரவுவது நின்றது. கூண்டு காலியாகவில்லை.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. பிரேக்கும் மரபணு மாற்றிய கொசுதான், அதையும் காட்டில்தான் விடவேண்டும். பழைய கொசுக்கூட்டம் அப்படியே திரும்பி வந்துவிடாது. தவிர, பிரேக் யாருடைய காலடியில் இருக்க வேண்டும்? கூண்டுக்குள் நடந்த சோதனையில் இதற்குப் பதில் கிடையாது.

2025 ஆகஸ்ட்டில் புர்கினா ஃபாசோவின் கிராமம் ஒன்றில், டார்கெட் மலேரியா அமைப்பு மரபணு மாற்றிய ஆண் கொசுக்களைப் பறக்கவிட்டது. இரண்டு வாரத்துக்குள் அந்நாட்டு அரசு மொத்தத் திட்டத்தையும் நிறுத்திவிட்டது. இத்தனைக்கும் அந்தக் கொசுக்களில் டிரைவே கிடையாது.