நோட்பேடும் 'யூனிகோட்' என்ற குழப்பமும்

நோட்பேடில் கோப்பைச் சேமிக்கும்போது கீழே 'என்கோடிங்'னு ஒரு பெட்டி வருமே, ஞாபகம் இருக்கா மக்களே? விண்டோஸ் எக்ஸ்பி (2001) காலத்தில் அதில் நாலு தேர்வுகள்: ஆன்சி, யூனிகோட், யூனிகோட் பிக் எண்டியன், யூடிஎஃப்-8. இதில் முதல் ரெண்டு பெயரும் தப்பு. அதுதான் இன்னைக்கு மேட்டர்.

ஆன்சி என்பது அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் பெயர். விண்டோஸின் மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணை அவங்களோட ஒரு வரைவை வைத்து உருவானது. வரைவு பின்னாடி ஐஎஸ்ஓ 8859-1 ஆனது. விண்டோஸ் தன் வழியில் போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கிச்சு. இது தவறான பெயர்தான்னு மைக்ரோசாஃப்ட் ஆவணங்களே பிறகு ஒத்துக்கொண்டன.

அடுத்து யூனிகோட். 1991ல் முதல் பதிப்பு வந்தபோது எழுத்துக்கு 16 பிட் போதும்னு நினைச்சாங்க. 1993ல் வந்த விண்டோஸ் என்.டி. 3.1 அதை நம்பியே கட்டப்பட்டது. அங்கே யூனிகோட்னாலே 16 பிட்தான். ஆனால் 1992லேயே கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8ஐ வடிவமைச்சுட்டாங்க. 1996ல் யூனிகோட் 2.0 அந்த 16 பிட் எல்லையையே தாண்டியது.

உண்மையில் யூனிகோட் என்பது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல். யூடிஎஃப்-8, யூடிஎஃப்-16 எல்லாம் அந்த எண்களைக் கோப்பில் எழுதும் முறைகள். 'அம்மா'வுக்கு 5 எண்கள்; யூடிஎஃப்-16ல் 10 பைட், யூடிஎஃப்-8ல் 15 பைட். ரெண்டுமே யூனிகோட்தான்! நோட்பேடோ யூடிஎஃப்-16ஐ மட்டும் 'யூனிகோட்'னு கூப்பிட்டது.

பெயரில் என்ன இருக்குன்னு கேட்கலாம். தமிழ் முதல் பதிப்பிலிருந்தே யூனிகோடில் இருக்கு. விண்டோஸின் எந்த ஆன்சி அட்டவணையிலும் கிடையாது. எக்ஸ்பியில் புதுக் கோப்புக்குத் தானாக வருவதோ ஆன்சி. தமிழில் எழுதிச் சேமித்தால் ஓர் எச்சரிக்கை வரும்: எழுத்துகள் தொலைந்துபோகும், யூனிகோட் தேர்வுகளில் ஒன்றை எடுங்க என்று. யூடிஎஃப்-8ம் அதில் சேர்த்தியா? பெயரைப் பார்த்தால் தெரியாது. குழம்பி 'ஓகே' அமுக்கி மூடினால், மறுபடி திறக்கும்போது பக்கம் பூரா கேள்விக்குறி. மீட்க வழியே இல்லை.

2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10ன் 1903 பதிப்பில்தான் 'யூனிகோட்' என்பது 'யூடிஎஃப்-16 எல்இ' ஆனது. புதுக் கோப்புகளுக்கு யூடிஎஃப்-8 இயல்பானது. ஆன்சி மட்டும் அதே பெயரில் உட்கார்ந்திருந்தது :-)

1993ல் அந்தப் பெயர் பொய்யில்லை. அர்த்தம் நகர்ந்துபோச்சு, பெயர்ப்பலகை நகரலை. ஆங்கிலத்தில் எழுதினவருக்கு நாலில் எதை எடுத்தாலும் எழுத்து பிழைச்சுக்கும். விலை கொடுத்தது நம்மள மாதிரி ஆட்கள்தான்.