வேலை தந்த வீடு: நெய்வேலி நகரியத்தின் குடியும் குடும்பமும்

2001 ஆம் ஆண்டுக்கும் 2011 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 24 இலட்சத்திலிருந்து 7 கோடியே 21 இலட்சமாக உயர்ந்தது. கடலூர் மாவட்டமும் 22 இலட்சத்து 85 ஆயிரத்திலிருந்து 26 இலட்சத்தைக் கடந்தது. அதே மாவட்டத்திலுள்ள நெய்வேலி நகரியமோ எதிர்த்திசையில் நடந்தது. 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,28,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் 2011 ஆம் ஆண்டில் இருந்தவர்கள் 1,05,731 பேர் மட்டுமே. பஞ்சம் வரவில்லை; கொள்ளைநோய் வரவில்லை. நிழல் மரங்கள் அணிவகுத்த சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனையும் குறைவற அமைந்த ஊர் அது. அத்தகைய ஊரில் ஆறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் மேலாக மக்கள் குறைந்தது எவ்வாறு என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

விடை தேட, ஊர் பிறந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும். அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்தின் செம்மண் நிலம். முந்திரியும் பலாவும் மானாவாரிப் பயிரும் விளைந்த பகுதி. 1930-களின் நடுப்பகுதியில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது நீரோடு கருநிறப் பொருளும் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி என்பது பின்னர் உறுதியாயிற்று. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தென்பட்டது. 1962 இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல் மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது. ஜெர்மானியச் சுரங்க எந்திரங்கள், உருசியப் பொறியாளர்கள், ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்த அலுவலர்கள், தஞ்சையிலிருந்தும் தென்பாண்டி நாட்டிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் என ஒரு புதிய மக்கட்கூட்டம் அங்கே திரண்டது.

வெற்றிடத்திலன்று அவர்கள் குடியேறியது. நெய்வேலி என்னும் பெயரே சுரங்கத்திற்கு முன்பிருந்த ஒரு சிற்றூரின் பெயர். அதனையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த குடிகள் நிலம் கொடுத்துப் பெயர்ந்தன. வேலுடையான்பட்டு முருகன் கோயில் இன்று நகரியத்திற்குள் நிற்கிறது. பங்குனி உத்திரத்தன்று அங்கு காவடி எடுத்துவரும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு, பெயர்ந்த ஊர்கள் தங்கள் தெய்வத்தை மட்டும் பெயர்க்கவில்லை என்பது விளங்கும். நிலம் கொடுத்த குடும்பங்களில் ஒரு பகுதியினர்க்கு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்களின் கோரிக்கை அறுபது ஆண்டுகளைக் கடந்தும் ஓயவில்லை. 2023 சூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் நிலையிலிருந்த நெல் வயல்களினூடே வாய்க்கால் வெட்டப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பை நாம் அனைவரும் செய்தித்தாள்களில் படித்தோம். நகரியத்தின் மக்கள்தொகையைப் பேசும்போது, அதன் பொருட்டு இடம்பெயர்ந்தோரை அக்கணக்கின் மறுபக்கமாகவேனும் நினைக்காமல் விடுவது நேர்மையாகாது.

புதிய நகரியம் வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் பிளாக் என்பதனை நெய்வேலித் தமிழ் வட்டம் என்றே வழங்குகிறது. முதல் தலைமுறையினர் ஒருவரையொருவர் எந்த ஊர் என்று வினவினர். அவர்தம் பிள்ளைகளோ எந்த வட்டம் என்று வினவினர். வீடு பதவிக்கு ஏற்ப ஒதுக்கப்பட்டது. தொழிலாளிக்கு ஓர் அளவு, மேற்பார்வையாளருக்கு ஓர் அளவு, அதிகாரிக்குத் தோட்டத்துடன் ஓர் அளவு. பழைய ஊரில் தெருவின் பெயர் குலத்தைச் சொல்லிற்று. இங்கே வீட்டின் அளவு ஊதியத்தைச் சொல்லிற்று. எனினும் ஒரே வரிசையில் பல சாதியினரும் பல சமயத்தினரும் பல மொழியினரும் சுவரோடு சுவராக வாழ நேர்ந்தது, அக்காலத்துத் தமிழகச் சிற்றூர்களில் எளிதில் காண இயலாத ஒன்று. குலம் பார்த்து வீடு கொடுக்கும் உரிமையாளர் எவரும் அங்கில்லை. வீட்டுக்கு உரிமையாளர் நிறுவனம் ஒன்றே.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்கு ஓர் எளிய இலக்கணம் உண்டு. வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து, ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். இரத்த உறவு அவ்விலக்கணத்தில் கட்டாயமன்று, அடுப்புதான் முதன்மை. இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், நெய்வேலிக் குடும்பம் தொடக்கத்திலிருந்தே சிறியதாக இருந்ததன் காரணம் புலப்படும். வேலைக்கு வந்தவர் இளைஞர். மணமானதும் மனைவியை அழைத்து வந்தார். பெற்றோர் ஊரில் நிலத்தோடு தங்கினர். அறுவடைக்குப் பின்னும் பேறுகாலத்திலும் மருத்துவத்திற்காகவும் வந்து சில திங்கள் தங்கிச் சென்றனர். ஆகவே கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டிய நாளில் அங்கே இருந்தவர்கள் கணவன், மனைவி, பள்ளிப் பிள்ளைகள். சில வீடுகளில் ஊரிலிருந்து படிக்க வந்த தம்பியோ மைத்துனனோ. 2011 இல் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி அளவு நான்கு பேருக்குச் சற்றுக் குறைவு என்றாகிவிட்டது. மாநிலம் மெல்ல நடந்து அடைந்த அந்த உருவத்தில் நெய்வேலி தன் முதல் நாளிலேயே பிறந்தது எனலாம்.

இவ்விடத்தில் நம் சமூகத்து ஊர்கள் நினைவுக்கு வருகின்றன. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் ஜினாலயத்தை நடுவே கொண்ட நயினார் தெருக்களில், திண்ணையும் முற்றமும் உடைய பெரிய வீடுகளைப் பூட்டிவிட்டு நம்மவர்கள் ஆசிரியப் பணிக்கும் வங்கிப் பணிக்கும் பொதுத்துறைப் பணிக்கும் நகரங்களை நோக்கிச் சென்றது அண்மைய வரலாறு. அங்கே வீடு சொந்தம், வாழ ஆளில்லை. திருவிழாவுக்குச் சென்றால் திறக்கலாம். நெய்வேலியில் இதற்கு நேர்மாறு. நாற்பது ஆண்டு வாழ்ந்தாலும் வீடு சொந்தமன்று. பணி முடிந்தால் சாவியை ஒப்படைக்க வேண்டும். நட்டு வளர்த்த மாமரமும் கொல்லைத் துளசியும் அடுத்து வருபவர்க்கு உரியவை. திரும்பிச் சென்று திறப்பதற்கு ஒரு கதவு இராது.

மக்கள் குறைந்ததன் மூல காரணம் இதில்தான் இருக்கிறது. ஏனைய ஊர்களில் மக்கள்தொகை பிறப்பாலும் இறப்பாலும் பெயர்வாலும் மாறும். நெய்வேலியில் இவற்றுக்கு மேலாகப் பணி ஓய்வு என்னும் ஒன்று ஆட்சி செய்கிறது. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் இருபது, இருபத்தைந்து வயதில் சேர்ந்தவர்கள் 1990-களிலும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் அலையலையாக ஓய்வு பெற்றனர். 1998 இல் மத்தியப் பொதுத்துறையில் ஓய்வு வயது 58 இலிருந்து 60 ஆக உயர்ந்தது அவ்வலையை இரண்டாண்டு தாமதப்படுத்தியதேயன்றி நிறுத்தவில்லை. 1978 இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் சுரங்கத்திற்கும் 1986 முதல் இயங்கத் தொடங்கிய இரண்டாம் அனல் மின் நிலையத்திற்கும் சேர்ந்தவர்கள் இரண்டாம் அலை. அவர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓய்வு பெற்று வருகின்றனர். சென்றவர்களின் இடத்தில் அத்தனை பேர் சேர்க்கப்படவில்லை. எந்திரமயமும் ஒப்பந்த முறையும் பெருகின. 1990-களில் ஏறத்தாழ இருபதாயிரமாக இருந்த நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கை இன்று அதில் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியுள்ளது. ஒரு பணியாளர் குறைந்தால் நகரியத்தில் குறைவது ஒருவரன்று; ஓர் அடுப்பு, அதாவது நான்கு பேர்.

பிள்ளைகள் அவ்வீட்டுக்கு வாரிசாக வருவதும் அரிது. நெய்வேலிப் பள்ளிகளில் நன்கு படித்தவர்கள் பொறியியல் கற்று, சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்றனர். நிறுவனத்தின் பொறியாளர் தேர்வு இப்போது அனைத்திந்திய அளவில் நடைபெறுகிறது. அதில் தமிழ்நாட்டு இளைஞர்க்கு இடம் கிடைப்பதில்லை என்ற விவாதம் 2022 இல் சட்டமன்றக் கட்சிகள் பலவற்றையும் ஒரே குரலில் பேச வைத்தது. தந்தை பணியாற்றிய ஊரில் மகனுக்கு விருந்தினர் என்ற நிலையே எஞ்சியது.

ஆயினும் வெளியேறியவர் அனைவரும் நெடுந்தூரம் செல்லவில்லை. பிறந்த ஊரில் நிலத்தைப் பங்கிட்டாயிற்று. உறவும் நட்பும் மருத்துவமனையும் நெய்வேலியில். எனவே பலர் ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு நகரிய எல்லைக்கு அப்பால் மனை வாங்கினர். இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம், வடலூர் ஆகிய பகுதிகளில் எழுந்த வீடுகள் அவ்வாறு வந்தவை. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் நகரிய வீடு இல்லை. அவர்களும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தே பணிக்கு வருகின்றனர். ஆகவே 2011 ஆம் ஆண்டின் குறைவில் ஒரு பகுதி, எல்லைக் கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்குச் சென்றதன் கணக்கு. கோட்டுக்கு உள்ளே சாலையும் குடிநீரும் நிறுவனத்தின் நகர நிர்வாகத்தைச் சார்ந்தவை. வெளியே உள்ளாட்சி அமைப்புகளைச் சார்ந்தவை. இரு பக்கத்து வாழ்விலும் உள்ள வேற்றுமையை ஆர்ச் கேட்டின் முன் சற்று நேரம் நின்றாலே உணரலாம். ஒரு வேடிக்கையும் உண்டு. நெய்வேலி என்ற பெயரில் தனிச் சட்டமன்றத் தொகுதி அமைந்தது 2008 ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில்தான். முதல் தேர்தல் 2011 இல். ஊர் சுருங்கிய கணக்கும் ஊருக்குத் தொகுதி கிடைத்த தேர்தலும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

கனிமம் தீர்ந்த ஊரின் நிலை என்னாகும் என்பதற்குத் தமிழர்க்கு அண்மையிலேயே ஒரு சான்று உள்ளது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்கு வடஆர்க்காட்டிலிருந்து பெருந்தொகையாகச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்தன. 2001 பிப்ரவரி 28 அன்று அச்சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் மக்கள் கலையவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே தங்கி, விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அங்கே வேலை போயிற்று, குடி நின்றது. நெய்வேலியில் சுரங்கம் இன்னும் இயங்குகிறது, குடியோ கலைந்துகொண்டிருக்கிறது. வீடு எவருடையது என்பதைப் பொறுத்தே இவ்வேற்றுமை எழுகிறது என்பது என் கருத்து. தங்கவயல் மக்கள் வறுமையிலும் தம் வரிசை வீடுகளை விட்டுக்கொடுக்காமல் போராடினர். நெய்வேலி மக்கள் ஓரளவு வளத்தோடு வாழ்ந்து, ஒழுங்காகச் சாவியைக் கொடுத்துச் சென்றனர்.

1962 இல் ஒளியேற்றிய முதல் அனல் மின் நிலையம் 2020 இல் தன் பணியை நிறைவு செய்தது. அதன் பணியாளர்களுக்காகக் கட்டப்பட்ட பழைய வட்டங்களில் ஆளில்லா வீடுகள் இன்று கண்ணில் படுகின்றன; ஓடுகள் சரிந்து, கொல்லை மரங்கள் மட்டும் தழைத்து நிற்கின்றன. 2021 இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027 இல் நிகழவுள்ளது. அதற்கு முன்னதாக நடைபெறும் வீட்டுப்பட்டியல் பணியில் ஒவ்வொரு கட்டடத்திற்கும் எண் இட்டு, குடியிருப்பா, பூட்டிய வீடா, காலி வீடா எனக் குறிப்பார்கள். நெய்வேலியில் அவ்வெண்கள் நகரியத்திற்குத் தனியாகவும், இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம் பகுதிகளுக்குத் தனியாகவும் வெளிவரும். இரண்டையும் அருகருகே வைத்துக் கூட்டிப் பார்ப்பவர்க்கே அவ்வூரில் இப்போது எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்பது தெரியும்.